பாவாடையில் வைத்த பை

9-6-80, திங்கள்

இது போன வருடத்து டைரி. பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. போன வருடம் ஜனவரியிலேயே கொடுத்திருக்க வேண்டியது, இன்றுதான் கைக்கு வந்தது. கிழமைகள் பொருந்தவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அடித்து எழுத வேண்டும். பரவாயில்லை. கிழமை தப்பாக இருந்தாலும் விஷயம் சரியாக இருக்கும். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். என்னை நல்லவளாகக் காட்ட எதையும் கூட்ட மாட்டேன். வெட்கமாக இருக்கிறதே என்று எதையும் விடவும் மாட்டேன். படிக்கப்போவது நான் ஒருத்திதானே?

பள்ளி திறந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு. புதிய தாளாளர் வந்திருக்கிறார். இந்த வருடத்திலிருந்து எல்லாப் பெண்களுக்கும் ஒரே கடையில் தைத்த சீருடை வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஊரிலுள்ள தையல்காரர்கள் ஆளுக்கொரு மாதிரிப் பாவாடை தைத்துக் காட்ட வேண்டுமாம். எது பிடிக்கிறதோ அந்தக் கடைக்கு ஆர்டர். தையல் கடையில் வேலை பார்க்கும் அம்மாவிடம் சொன்னேன். "மாஸ்டருக்குக் காலையிலேயே தெரிஞ்சு போச்சு" என்றாள்.

11-6-80, புதன்

பள்ளி விட்டதும் நான் வீட்டுக்குப் போவதில்லை. அப்பா பஞ்சு மில்லில் வாட்ச்மேன்; சாயங்காலம் கிளம்பிவிடுவார். நான் அம்மா வேலை பார்க்கும் தையல் கடைக்குப் போய், ஏழு மணி வரை ஓரமாக உட்கார்ந்து படிப்பேன்.

கடை சுந்தரராஜ் மாஸ்டருடையது. வாசலை ஒட்டி அவர் துணி வெட்டும் மேசை. அதற்கு அடுத்து மூன்று மிஷின்கள். ஒன்றில் மாஸ்டர், இன்னொன்றில் மருதப்பன் அண்ணன். மூன்றாவதில் தைத்தவர் பம்பாய்க்குப் போய்விட்டதால் அது துணி போர்த்திக் கிடக்கிறது. பின்னால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் பாயில் அம்மாவும் மீரா பீவி மாமியும். காஜா எடுப்பது, கொக்கி வைப்பது, ஓரம் அடிப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஆண்களுக்கு மிஷின், பெண்களுக்குப் பாய். மாஸ்டருடைய கத்திரியை மருதப்பன் அண்ணன் எடுக்கலாம். அம்மா தொடக் கூடாது.

ஜாக்கெட் என்றால் சுந்தரராஜ்தான் என்று ஊரில் பேர். பெண்களை அவர் அளவெடுக்க மாட்டார். எந்த மாஸ்டரும் எடுக்க மாட்டார்கள். பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுத்தால் அதைப் பார்த்து வெட்டுவார். அந்தப் பழைய ஜாக்கெட்டே சரியில்லை என்றால்? அதைத்தான் வருகிறவர்கள் திரைக்குப் பின்னால் வந்து அம்மா காதில் சொல்கிறார்கள். கக்கத்தில் பிடிக்கிறது, பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியவில்லை, குனிந்தால் முதுகில் தெறிக்கிறது. அம்மா கொஞ்ச நேரம் துணியைப் புரட்டிப் பார்ப்பாள். பிறகு மேசைப் பக்கம் போய், "அண்ணாச்சி, இங்கன அரை இஞ்சு விட்டு, தையலைக் கொஞ்சம் சரிச்சா எடுப்பா இருக்கும்லா" என்பாள். மாஸ்டர் யோசிப்பது போல மோவாயைத் தடவிவிட்டு சாக்பீஸால் ஒரு கோடு போடுவார்.

அந்தக் கோட்டுக்குத்தான் ஊரில் பேர்.

14-6-80, சனி

விட மாட்டேன் என்று எழுதியாகிவிட்டது. எழுதத்தான் வேண்டும்.

போன வருடம் சடங்கானதிலிருந்து மாதம் மூன்று நாள் நான் பள்ளிக்குப் போவதில்லை. வீட்டுக்கு விலக்கு என்பது ஒரு காரணம். மாற்றுத் துணியை எதில் கொண்டுபோவது என்பது அதைவிடப் பெரிய காரணம். புத்தகப் பையில் வைத்தால் வகுப்பு நடுவில் எழுந்து, எல்லோரும் பார்க்க அதைத் திறந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். முன்னால் சார் நிற்பார். அதற்கு வீட்டிலேயே கிடக்கலாம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் கிடக்கிறோம். "பொம்பளப் புள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது" என்று கணக்கு சார் வாரத்துக்கு ஒரு தடவை சொல்கிறார். மாதத்தில் மூன்று நாள் அவர் கணக்கு நடத்தும்போது நாங்கள் அங்கே இல்லை என்பதை அவர் கவனித்ததே இல்லையா?

இரண்டு நாளாக அம்மா என் பாவாடையை வைத்துக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே இடது பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே ஒரு பை. முதலில் வைத்தது நடக்கும்போது புடைத்துத் தெரிந்தது. பிரித்தாள். இரண்டாவது உட்காரும்போது வாயைப் பிளந்தது. பிரித்தாள். மூன்றாவதில் பையின் மேல் விளிம்பை இடுப்புப் பட்டியோடு சேர்த்துத் தொங்கவிட்டு, வாயை முன்பக்கமாகச் சரித்து, ஒரு மடிப்பு அதன் மேல் தானாக வந்து விழும்படி செய்துவிட்டாள். நடந்தேன், உட்கார்ந்தேன், ஓடிக்கூடப் பார்த்தேன். கையை விட்டால்தான் பை இருப்பது தெரிகிறது.

மாஸ்டருக்கு ஏன் இதெல்லாம் தோன்றவில்லை என்று கேட்டேன்.

"அவருக்கு எதுக்குத் தோணணும்? அவரு சட்டையிலதான் பை இருக்கே."

24-6-80, செவ்வாய்

இன்று இரண்டாம் நாள். பள்ளிக்குப் போனேன்! யாருக்கும் தெரியவில்லை.

ஆவுடையிடம் மட்டும் காட்டினேன். பக்கத்து பெஞ்சுக்காரி, என் சிநேகிதி. கையை உள்ளே விட்டுவிட்டு எடுக்கவே மாட்டேன் என்கிறாள். "ஏட்டி, எனக்கும் ஒண்ணு வச்சுத் தரச் சொல்லுட்டி. உங்கம்மா காலைப் பிடிச்சுக்கிடுதேன்."

26-6-80, வியாழன்

அம்மா மாஸ்டரிடம் சொல்லிவிட்டாள். சீருடைப் பாவாடைக்கு இப்படி ஒரு பை வைத்தால் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும் என்று. எதற்கு என்று அவர் கேட்டாராம். அம்மா என்ன சொல்வாள்? "பொம்பளப் புள்ளைகளுக்கு நூறு இருக்கும் அண்ணாச்சி" என்றாளாம். மருதப்பன் அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பாவாடைக்குப் பை வைத்தால் அடுத்து சேலைக்குக் காலர் வைக்கச் சொல்வீர்களா என்று.

மாஸ்டர் சிரிக்கவில்லை. என் பாவாடையை வாங்கி, உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

30-6-80, திங்கள்

ஆர்டர் எங்கள் கடைக்கே. இருநூற்றுப் பதினான்கு பாவாடை! நான்கு கடை மாதிரியில் மாஸ்டருடையதுதான் தாளாளருக்குப் பிடித்ததாம். பையைக் காட்டி, பேனா வைக்கலாம், பஸ் காசு வைக்கலாம், தொலையாது, இது என் சொந்த யோசனை என்று சொன்னாராம். ஸ்டாப் ரூமில் அதே பேச்சாக இருந்தது. எங்கள் தமிழம்மா வகுப்பிலேயே சொன்னார்கள்.

ஓடிப்போய் அம்மாவிடம் கேட்டேன். உன் யோசனை என்று ஏன் சொல்லவில்லை என்று. மீரா பீவி மாமி, "நல்லாக் கேளு மக்கா" என்றாள். அம்மா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"யோசனை யாருதா இருந்தா என்ன. ஆர்டர் முடியவும் மூணாவது மிஷின் உனக்குத்தான் தங்கத்தாயின்னு சொல்லிட்டாரு. எல்லாரு முன்னாலயும் சொன்னாரு."

அம்மா மிஷினில் உட்காரப் போகிறாள். அந்தக் கடையில் இதுவரை எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை.

3-7-80, வியாழன்

மத்தியானம் ஆண்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் அம்மா போர்த்திய துணியை எடுத்துவிட்டுப் பழகுகிறாள். நூல் கோக்காமல், பழைய செய்தித்தாளை ஊசிக்கு அடியில் கொடுத்து. அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். நேற்றுத் தையல் ஓட்டை செய்திகளின் மேல் கோணல்மாணலாக ஓடியிருந்தது. இன்று ஒரு பத்தியின் ஓரமாகவே, நேராக, ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் போயிருக்கிறது.

18-7-80, வெள்ளி

எல்லோரும் புதுச் சீருடை. காலைக் கூட்டத்தில் தாளாளர் பேசினார். சிறிய ஊரிலும் புதுமையாகச் சிந்திக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி மாஸ்டருக்குச் சரிகைத் துண்டு போர்த்தினார். எல்லாப் பைகளையும் அம்மாவும் மாமியும் வைத்தார்கள். பத்து நாளாக அம்மாவுக்குக் கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது. மூட்டைகளை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே யாரும் கூப்பிடவில்லை.

நானும் கைதட்டினேன். தட்டாமல் இருந்திருக்கலாம். பக்கத்தில் எல்லோரும் தட்டினார்கள்.

1-8-80, வெள்ளி

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் இன்னும் முழுதாகக் கலையவில்லை. கோயில் வாசல் கடைகள் அப்படியே இருக்கின்றன.

இன்று ஆவுடை மாட்டிக்கொண்டாள். அவளுக்குக் கழுத்தில் தேமல். அவள் அம்மா கோயில் வாசல் கடையில் புற்றுமண் வாங்கிக் கொடுத்து, மத்தியானம் குழைத்துப் பூசிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். ஆவுடை அதைப் பாவாடைப் பையில் வைத்திருந்தாள். குழாயடியில் மடித்த தாளை அவள் எடுத்ததை டிரில் சார் பார்த்துவிட்டார். எங்கே இருந்து எடுத்தாய் என்று கேட்டு, தாளைப் பிடுங்கிப் பிரித்தார். சினிமாப் பாட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். கடைக்காரன் கையில் எது அகப்பட்டதோ அதில் மண்ணை மடித்துக் கொடுத்திருக்கிறான். காதல் பாட்டு. எவனோ கொடுத்தது என்று சார் முடிவுகட்டிவிட்டார்.

"புத்துமண்ணு சார், புத்துமண்ணு சார்" என்று அவள் அழுதாள். மண் அவர் செருப்பின் மேலேயே கொட்டிக் கிடந்தது. யாரும் கீழே பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தார்கள்.

பிறகு எங்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, பைக்குள் என்ன இருக்கிறது என்று பெரிய டீச்சர் பார்த்தார்கள். எங்கள் தலைமையாசிரியையை அப்படித்தான் கூப்பிடுவோம். ஏழெட்டுப் பேரிடம் அந்தத் துணி இருந்தது. பெரிய டீச்சர் உள்ளே விட்ட கையைச் சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்தவளிடம் போனார்கள். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

4-8-80, திங்கள்

இன்று எழுத முடியவில்லை.

5-8-80, செவ்வாய்

எழுதுகிறேன்.

நேற்று பெரிய டீச்சர் அறைக்கு அம்மாவையும் மாஸ்டரையும் வரச் சொல்லியிருந்தார்கள். வகுப்பிலிருந்து என்னையும் கூப்பிட்டார்கள். முதன்முதலில் பை வைத்த பாவாடை என்னுடையதுதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தாளாளர் மேசைக்குப் பின்னால். பக்கத்தில் பெரிய டீச்சர். டிரில் சார் சுவரோரமாக. அந்தப் பாட்டுத் தாளின் மேல் பேப்பர் வெயிட் வைத்திருந்தார்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் திருட்டுப் பை வைத்துக் கொடுத்திருக்கிறீரே, இது யார் புத்தி என்று தாளாளர் கேட்டார். மாஸ்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நான் வெட்டிக் குடுத்தது வெறும் பாவாடைதான் சார். பை வச்சதெல்லாம் பின்னால காஜா எடுக்குத இந்தப் பொம்பளை."

பதினேழு நாளைக்கு முன்னால்தான் அதே பைக்குத் துண்டு வாங்கினார். அது சொந்த யோசனை. இது பொம்பளை. அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

தாளாளர் அம்மாவிடம், ஒளித்து வைக்கிற பை பெண் பிள்ளைக்கு எதற்கு என்றார். அம்மா பயப்படவில்லை. அதை எழுத வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகத்தான் நின்றாள்.

"ஒளிக்கதுக்கு இல்ல சார். புள்ளைக மாசத்துல அந்தச் சமயத்துல பள்ளிக்கூடத்துக்கு வர முடியாம—"

"தங்கத்தாய், போதும். ஆம்பளைக இருக்காங்க."

சொன்னது பெரிய டீச்சர். ஒவ்வொரு பைக்குள்ளும் கை விட்டுப் பார்த்தவர்கள்.

அம்மா நிறுத்திவிட்டாள். தாளாளர் என் பக்கம் திரும்பினார். "நீ பேச்சுப் போட்டியில பரிசு வாங்குன புள்ளதான? நல்லாப் பேசுவியே. நீ சொல்லு. அந்தப் பை எதுக்கு?"

"தெரியாது சார்" என்றேன்.

எனக்கா தெரியாது? என் கை அப்போது அந்தப் பைக்குள்ளேதான் இருந்தது. ஒரு வரி போதும். பேனா என்று பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கலாம், அம்மா தப்பித்திருப்பாள். தெரியாதாம்! பெத்த பிள்ளைக்கே தெரியாதுன்னா அப்ப அது திருட்டுப் பைதான? மேடையில ஏறி என்னல்லாம் பேசுனேன். கைதட்டு வாங்குன வாயி. ஒரு வார்த்தை வரலியே—

வரும் வழியில், மேல ரத வீதி திரும்பும்போது அம்மா சொன்னாள். "நீ என்ன செய்வ. அத்தனை பேரு இருக்கும்போது."

அடித்திருக்கலாம்.

9-8-80, சனி

எல்லாப் பைகளின் வாயையும் தைத்து அடைக்க வேண்டும் என்று உத்தரவு. செய்தவளே வந்து அடைக்க வேண்டும். கூலி கிடையாது. பாவாடைகளைக் கழற்றி வாங்கி, தைத்துக் கொடுக்க நேரம் இல்லையாம். அதனால் நாங்கள் வராந்தாவில் வரிசையாக நின்றோம். அம்மாவும் மீரா பீவி மாமியும் தரையில் உட்கார்ந்து, உடுத்திய பாவாடையிலேயே ஊசி போட்டார்கள். உடம்போடு வைத்துத் தைப்பது ஆகாது. அதனால் மாமி ஒவ்வொருத்திக்கும் ஒரு துண்டு நூல் கொடுத்துப் பல்லில் கடித்துக்கொள்ளச் சொன்னாள். இருநூற்றுப் பதிமூன்று பேர் நூலைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

நான் மாமியின் வரிசையில் போய் நின்றேன். அம்மா கூப்பிட்டாள். "இங்கன வா." என் பையை அவளே அடைத்தாள். மற்றவர்களுக்குப் போட்டது போல நாலு ஓட்டுத் தையல் இல்லை. நெருக்கமாக, சின்னச் சின்னதாக, நல்ல தையல். அவளுக்கு மோசமாகத் தைக்க வராது.

ஆவுடை வரவில்லை. அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள் அவள் வீட்டில்.

18-8-80, திங்கள்

மூன்றாவது மிஷினில் மருதப்பன் அண்ணனின் தம்பி. வீரசிகாமணியிலிருந்து வந்திருக்கிறான். முன்னே பின்னே தைத்ததில்லை. பழகிக்கொள்வான் என்று மாஸ்டர் சொன்னாராம்.

அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்து ஆர்டர் கையை விட்டுப் போய்விடும், நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள் என்று காரணம். அப்பா, "மாஸ்டருக்கும் தொழில் நடக்கணும்லா" என்றார். அம்மா அவருக்குச் சோறு போட்டுவிட்டு எழுந்து போனாள்.

செய்தித்தாள்கள் அடுப்பெரிக்கப் போய்விட்டன.

12-9-80, வெள்ளி

மூன்று நாள் வீட்டில். இயற்கணிதம் ஆரம்பித்திருப்பார்கள்.

20-10-80, திங்கள்

அம்மா இப்போது தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறாள். விடிவதற்குள் வேன் வந்துவிடும். திருவேங்கடம் பக்கம். சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை. அங்கே எல்லோரும் பெண்கள்தான், கணக்கப்பிள்ளையைத் தவிர. முதல் வாரமே அம்மா சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் குச்சி சீக்கிரம் இறங்கும் என்று கண்டுபிடித்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லையாம். "சொல்லி?" என்றாள்.

ஆயுத பூசைக்கு மாஸ்டர் கடைக்குப் புதுப் போர்டு மாட்டியிருக்கிறார்கள். பெண்கள் உடைகளில் நிபுணர் என்று. மீரா பீவி மாமியை வழியில் பார்த்தேன். தைத்துப் போன ஜாக்கெட்டெல்லாம் திரும்பி வருகிறதாம். "எங்க பிடிக்குன்னு மருதப்பன் தம்பி காதுல போயாட்டி சொல்லுவாக?" என்று சிரித்தாள். பிறகு அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

1-11-80, சனி

தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. சாயங்காலம் அம்மா வேனிலிருந்து இறங்கி வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் பெரிய டீச்சர் நின்றார்கள். எங்கள் தெருவுக்கு அவர்கள் வந்ததே இல்லை. நான் எழுந்து நின்றேன். உட்காரச் சொல்லி பெஞ்சைத் துடைத்தேன். உட்காரவில்லை. கையில் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

அவர்கள் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். ஆகஸ்டு கடைசியில் சடங்கானது. அதன் பிறகு இரண்டு தடவை காலைக் கூட்டத்தில் அவள் இடம் காலியாக இருந்ததை நானே பார்த்தேன்.

டீச்சர் தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்கள். "தங்கத்தாய், இது என் மகளுக்கு எடுத்த புதுப் பாவாடை. அன்னைக்கு வச்சியே, அந்த மாதிரி ஒண்ணு… தைச்சது வெளிய தெரியாம."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அது மாஸ்டர் யோசனைல்லா டீச்சர். தாளாளர் துண்டுகூடப் போர்த்துனாரே. அவர்ட்டயே கேளுங்க."

பக்கத்து வீட்டில் யாரோ முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு டீச்சர் பொட்டலத்தை பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எடுத்துக்கொண்டு போகவில்லை.

பொட்டலம் அங்கேயே இருந்தது. சாப்பிட்டோம். டீச்சர் மகள் என்ன பாவம் செய்தாள் அம்மா என்று கேட்க நினைத்தேன். நான் கேட்கலாமா? நான் எந்த வாயால் கேட்பது?

பாத்திரம் கழுவிவிட்டு வந்து அம்மா தாளைப் பிரித்தாள். பாவாடையின் இடது பக்கத் தையல் மேல் கட்டைவிரலை இடுப்பிலிருந்து கீழே வரை ஓட்டினாள். ஒரு இடத்தில் நிறுத்தி, நகத்தால் கீறி அடையாளம் வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு மடித்து, பழையபடி தாளில் சுற்றி, பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் பாயை விரித்தாள்.

நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். போதும் என்று சொல்லி லைட்டை அணைக்க எழுந்துவிட்டாள்.